சொன்னவர் கையில் இருக்கட்டும் கதை

ஐடா ஸ்கடர் கதையை வேலூர்க்காரர்களுக்கு யாரும் புதிதாகச் சொல்ல வேண்டியதில்லை. 1870-ல் ராணிப்பேட்டையில் பிறந்தவர், மிஷனரி டாக்டரின் மகள். இந்தியாவில் தங்கி ஊழியம் செய்யும் எண்ணம் துளியும் இல்லாதவர். திண்டிவனத்தில் ஒரே இரவில் ஒருவர் பின் ஒருவராக மூன்று ஆண்கள் வந்து கதவைத் தட்டுகிறார்கள். மூன்று வீட்டிலும் பிரசவ வேதனை. அப்பா டாக்டர்தான், வருவார் என்றால், ஆண் கை படக்கூடாது என்று திரும்பிப் போய்விடுகிறார்கள். மகளுக்கோ வைத்தியம் தெரியாது. மறுநாள் காலையில் மூன்று பெண்களும் உயிரோடு இல்லை. பிறகு அவர் அமெரிக்கா போய் மருத்துவம் படித்துத் திரும்பி, 1900-ல் ஒற்றைக் கட்டிலோடு தொடங்கியதுதான் இன்றைய சி.எம்.சி. மருத்துவமனை. 1918-ல் பெண்களுக்கான மருத்துவப் பள்ளி.

ஒரு கதை ஊரை மாற்றுமா என்று கேட்பவர்களுக்கு இதைவிடப் பக்கத்தில் உதாரணம் கிடையாது. அது ஏன் வேலை செய்தது என்று பார்த்தால் கதை சொல்லும் தொழிலில் பாதி பிடிபட்டுவிடும். ‘இந்தியப் பெண்களுக்கு மருத்துவ வசதி இல்லை’ என்று அது தொடங்கவில்லை. ஓர் இரவு, ஒரு கதவு, மூன்று தட்டு. கேட்கிறவர் தன்னையும் அந்தக் கதவுக்கு உள்ளே நிறுத்திப் பார்க்க முடிகிறது. கடைசியில் செய்ய வேண்டியது என்னவென்று யாரும் சொல்லாமலே தெரிகிறது: பெண் டாக்டர் வேண்டும்.

குறை ஒன்று உண்டு. கதவைத் தட்டிய ஆண்கள் என்ன சாதி, என்ன மதம் என்பதுவரை சொல்வார்கள். இறந்த மூன்று பெண்களின் பெயர் அந்தக் கதையில் வருவதே இல்லை. கதை அவர்களுடையது, சொன்னது வேறொருவர். இன்று கதைக்கூட்டம், கவிதைப் பட்டறை, வீதி நாடகம் என்று இறங்குகிற பல குழுக்கள் சறுக்குவதும் இங்கேதான். சொன்னவர் வீட்டுக்குப் போய்விடுவார், கதை அறிக்கையிலும் போஸ்டரிலும் சுற்றிக்கொண்டிருக்கும். இனி சொல்லப்போகும் நுணுக்கம் எல்லாம் அதைத் தவிர்ப்பதற்கான ஏற்பாடுதான்.

முதலில் தனியாக

கூட்டத்தில் வாய் திறப்பதற்கு முன் நோட்டில் கொஞ்சம் எழுதிப் பார்ப்பது நல்லது. 1986-ல் ஜேம்ஸ் பென்னிபேக்கர், சாண்ட்ரா பீல் என்ற இரண்டு அமெரிக்க உளவியலாளர்கள் கல்லூரி மாணவர்களைத் தொடர்ந்து நான்கு நாள், நாளுக்கு 15 நிமிடம் எழுத வைத்தார்கள். மனதை அழுத்திய ஒரு சம்பவத்தை, நடந்ததையும் அப்போது பட்டதையும் சேர்த்து எழுதியவர்கள், பிந்தைய மாதங்களில் மருத்துவரிடம் போனது குறைந்தது. நடந்ததை மட்டும் எழுதினாலோ, உணர்ச்சியை மட்டும் கொட்டினாலோ அந்த அளவு பலன் இல்லை. இரண்டும் ஒரே பக்கத்தில் வர வேண்டும்.

செய்முறை எளிது. செல்போனில் 15 நிமிடம் அலாரம் வைத்துவிட்டுப் பேனாவை நிறுத்தாமல் எழுதுங்கள். பிழை பார்க்க வேண்டாம், அடிக்க வேண்டாம். ‘இன்னா பண்றது, அப்படித்தான் கீது’ என்று வாயில் வருவது அப்படியே வரட்டும். மேடைத் தமிழில் எழுதத் தொடங்கினால் பொய் தானாகவே உள்ளே நுழைந்துவிடும். நான்காம் நாள் அதே சம்பவத்தை எதிரில் நின்றவர் கண் வழியாக எழுதுங்கள்: திட்டிய மேஸ்திரி, பேசாமல் நின்ற அண்ணன், யாராக இருந்தாலும் சரி. முதல் மூன்று நாளும் ‘நான், நான்’ என்றே ஓடிய நோட்டில் அன்றைக்குத்தான் வேறு குரல் கேட்கும்.

எழுதி முடித்ததும் மனம் லேசாகிவிடும் என்று யாராவது சொன்னால் நம்ப வேண்டாம். அன்றைக்கு முன்னைவிடக் கனமாகவே இருக்கும். அந்த ஆய்விலும் அப்படித்தான். அதனால் இரவு படுக்கப் போகும் முன் எழுதக்கூடாது. நேற்று நடந்த சாவை இன்று எழுதக்கூடாது. ஒரு விஷயத்தைத் தொட்டால் கை நடுங்குகிறது என்றால் அதை மூடிவிட்டு வேறொன்றை எடுங்கள். தாங்கவில்லை என்றால் நோட்டைவிட மனிதக் குரல்தான் முக்கியம்: அரசின் மனநல உதவி எண்ணான டெலிமானஸ் 14416-ல் இரவும் பகலும் எடுப்பார்கள், தமிழில் பேசலாம்.

இழப்பை எழுதுகிறவர்களுக்கு அமெரிக்க ஆய்வைவிடப் பழைய வழி ஒன்று நம் பக்கமே இருக்கிறது. ஒப்பாரியில் ‘அவர் இறந்துவிட்டார்’ என்று யாரும் பாடுவதில்லை. ‘நீ’ என்று நேரே கூப்பிட்டுப் பேசுவார்கள். நீ இருந்தபோது வீடு எப்படி இருந்தது, இப்போது எப்படி இருக்கிறது என்று இரண்டிரண்டு வரியாக அடுக்குவார்கள். இந்த அமைப்பைக் கடன் வாங்குங்கள். போனவரை ‘நீ’ என்று விளித்துப் பன்னிரண்டு வரி. ஒவ்வொரு இரண்டு வரிக்கும் வீட்டில் இருக்கும் ஒரு பொருள்: சைக்கிள், கண்ணாடி, வெற்றிலைச் செல்லம். முதல் வரி அன்று, இரண்டாம் வரி இன்று. ‘பாசம்’, ‘தியாகம்’ என்ற சொற்கள் வந்தால் அடித்துவிட்டு அந்த இடத்தில் ஒரு பொருளை வையுங்கள்.

வடாற்காட்டில் கருமாதிக்குக் கர்ண மோட்சம் கூத்து வைக்கும் வழக்கத்தையும் இங்கே நினைத்துக்கொள்ளலாம். உயிரோடு இருந்தவரை மகனே என்று ஊரறியக் கூப்பிட முடியாத குந்தி, களத்தில் விழுந்தவனை மடியில் போட்டு அழுகிறாள். துக்க வீட்டுக்காரர்கள் எதிரே உட்கார்ந்து பார்க்கிறார்கள். தன் அழுகையை இன்னொருத்தி கதையில் போட்டு அழுதுகொள்ள ஓர் இடம். சொந்தக் கதையை நேராகச் சொல்ல முடியாத கூட்டத்தில் இந்த வழியைத் திறந்து வைக்க வேண்டும்: ‘உங்களுக்கு நடந்ததைச் சொல்ல வேண்டாம், குந்திக்கு நடந்ததாகச் சொல்லுங்க.’

கை வேலையோடு ஒரு கூட்டம்

குடியாத்தம், பேர்ணாம்பட்டுப் பக்கம் பீடி சுற்றும் பெண்களை வைத்து ஒரு கதைக்கூட்டம் நடத்துவதாக வைத்துக்கொள்வோம். வழக்கமான பட்டறை முறை இங்கே உதவாது. பேப்பர், ஸ்கெட்ச் பேனா, வட்டமாக நாற்காலி என்று போனால் முதல் வாரத்தோடு முடிந்துவிடும். ஆயிரத்துக்கு இத்தனை என்று கூலி வாங்குகிறவரிடம் இரண்டு மணி நேரம் கையைச் சும்மா வைக்கச் சொல்வது அவர் பணத்தை எடுத்துக்கொள்வதற்குச் சமம். ஆகவே முறம் மடியில் இருக்கட்டும். இலையும் தூளும் கத்தரியும் நூலும் இருக்கட்டும். பார்வை வேலையில் இருப்பதால் பேச்சும் சுலபமாக வரும். ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துச் சொல்ல முடியாதது, முறத்தைப் பார்த்துச் சொல்ல முடிகிறது.

எட்டுப் பேர் போதும், பத்துக்கு மேல் வேண்டாம். நேரத்துக்குக் கடிகாரம் வைத்தால் பள்ளிக்கூடம் ஆகிவிடும். 25 பீடி ஒரு கட்டு. எட்டு மணி நேரத்தில் ஆயிரம் சுற்றும் கைக்கு ஒரு கட்டு முடிய 12 நிமிடம் ஆகும். ஒருவருக்கு அரைக் கட்டு என்று வைத்தால் ஆறு நிமிடம், எட்டுப் பேருக்கு முக்கால் மணிக்குச் சற்று மேல். நேரம் முடிந்தது என்று யாரும் சொல்லத் தேவையில்லை, பக்கத்தில் இருப்பவர் அரைக் கட்டை முடித்து எடுத்து வைப்பதே சைகை.

இடம் விஷயத்தில் கூசாமல் முடிவெடுக்க வேண்டும். கோயில் மண்டபம் என்றால் யாரெல்லாம் வரமாட்டார்கள் என்று யோசியுங்கள். ஒருவர் வீட்டுத் திண்ணை என்றாலும் அதே கேள்விதான். அங்கன்வாடிக் கட்டடமோ நூலகமோ பெரும்பாலும் பாதுகாப்பு. சித்திரை, வைகாசியில் ஐந்து மணிக்கு முன்னால் தொடங்காதீர்கள். வேலூர் வெயிலில் தகரக் கூரைக்குக் கீழே யாருக்கும் கதை வராது.

மொழி இன்னொரு விஷயம். பேர்ணாம்பட்டு, ஆம்பூர், வாணியம்பாடியில் பலர் வீட்டில் உருது. ஆந்திர எல்லை ஓரத்தில் தெலுங்கு. கதையை முதலில் வீட்டு மொழியில் முழுதாகச் சொல்லவிட்டு, பிறகு பக்கத்தில் இருப்பவர் தமிழில் சுருக்கிச் சொல்லட்டும். வாக்கியத்துக்கு வாக்கியம் நிறுத்தி மொழிபெயர்த்தால் கதை செத்துவிடும்.

கேள்வியில்தான் எல்லாம் இருக்கிறது. ‘உங்க கஷ்டத்தைச் சொல்லுங்க’ என்று கேட்டால் எட்டுப் பேரும் ஒரே பதில் சொல்வார்கள்: கூலி பத்தலை, விலைவாசி ஏறிப்போச்சு. உண்மைதான், ஆனால் அதில் யாருடைய முகமும் இல்லை. ‘முதல்முதலா சுத்துன கட்டை யார் கையில குடுத்தீங்கக்கா?’ என்று கேட்டுப் பாருங்கள். ‘சரியில்லன்னு கட்டைத் தள்ளுன அன்னிக்கு அந்தப் பீடிய என்னா பண்ணீங்க?’ என்று கேளுங்கள். தேதியும் ஆளும் பொருளும் தானாக வரும். ‘ஏன்’ என்று தொடங்கும் கேள்வியைத் தவிர்க்கலாம். அது குற்றம் சாட்டுவதுபோல் காதில் விழும்.

இரண்டு கோளாறு கட்டாயம் வரும். ஒன்று, அறிவுரை. ஒருத்தி புருஷன் குடியைப் பற்றிச் சொன்னவுடன் மூன்று பேர் தீர்வு சொல்லக் கிளம்புவார்கள், சொன்னவள் அடுத்த வாரம் வரமாட்டாள். ‘கதைக்குப் பதில் கதைதான், யோசனை கிடையாது’ என்று முதல் நாளே பேசிக்கொள்ள வேண்டும். இரண்டாவது, அழுகைப் போட்டி. யார் கதை அதிகம் அழ வைத்ததோ அதுவே நல்ல கதை என்று கூட்டம் தானாக முடிவு கட்டிவிடும். அப்படிச் சாயும்போது சிரிப்புக் கதை ஒன்றை இழுத்துவிட ஆள் வேண்டும். எல்லா வட்டத்திலும் அப்படி ஓர் அக்கா இருப்பார்.

குழந்தைக்கு நடந்த பாலியல் கொடுமை பேச்சில் வந்துவிட்டால் அது கதைக்கூட்டத்து ரகசியமாக இருக்க முடியாது. போக்சோ சட்டப்படி தெரிந்தவர் புகார் சொல்லியாக வேண்டும், குழந்தைகள் உதவி எண் 1098-க்கு அழைக்கலாம். எதைப் பத்திரமாக வைப்போம், எதை வைக்க முடியாது என்பதைத் தொடக்கத்திலேயே சொல்லிவிடுவதுதான் நேர்மை.

சம்மதம் என்பது ஒரே கையெழுத்து கிடையாது. இந்த வட்டத்துக்குள் சொல்லலாமா? பெயரை மாற்றி வெளியே சொல்லலாமா? என் பெயரோடு, என் குரலோடு சொல்லலாமா? மூன்றும் தனித்தனிக் கேள்வி, மூன்றுக்கும் வேறுவேறு பதில் வரலாம். கேட்கும் நேரமும் முக்கியம். அழுது முடித்த கையோடு கேட்டால் யாரும் மறுக்கமாட்டார்கள். ஒரு வாரம் விட்டுக் கேளுங்கள். செல்போனில் பதிவு செய்வதாக இருந்தால் மின்விசிறியை நிறுத்திவிட்டு முறத்துக்குப் பக்கத்தில் வையுங்கள். இலை நறுக்கும் சத்தம் பரவாயில்லை, காற்றுச் சத்தம்தான் பேச்சை விழுங்கும். பதிவை வாட்ஸ்அப் குழுவில் போடவே கூடாது.

பாட்டாகக் கட்டுவது

கதையை அப்படியே பாட்டாக்க முடியாது, ஒரே ஒரு கணத்தைத்தான் ஆக்க முடியும். இதற்குக் கும்மி மெட்டு நல்ல தோது. கும்மி தெரியாத பெண்கள் நம் ஊரில் குறைவு, தாளத்துக்குக் கையே போதும், ஒருவர் சொல்ல மற்றவர் திருப்பிப் பாட வேண்டியிருப்பதால் ‘என் கதை’ என்பது ‘நம் பாட்டு’ ஆகிவிடும்.

அமைப்பு இதுதான். ஓர் அடிக்கு (கீழே இரண்டு வரி சேர்ந்தது ஓர் அடி) ஏழு சீர்: முதலில் நான்கு, ஒரு மூச்சு, பிறகு மூன்று. முதல் சீரும் ஐந்தாம் சீரும் ஒரே எழுத்தில் தொடங்கினால் மோனை. அடுத்த அடியின் முதல் சீரில் இரண்டாம் எழுத்து ஒத்து வந்தால் எதுகை. தள்ளிவிடப்பட்ட பீடியைப் பற்றி இப்படிக் கட்டலாம்:

ஆயிரம் சுற்றியும் ஐம்பதைத் தள்ளினார்
ஆரிடம் சொல்வது கூறுங்கடி
பாயினில் குந்திய கால்மரத் துப்போச்சு
பார்த்தவர் யாருண்டு சொல்லுங்கடி

‘ஆயிரம் – ஆரிடம்’, ‘பாயினில் – பார்த்தவர்’ மோனை. ‘ஆயிரம் – பாயினில்’ எதுகை. இலக்கணம் தெரியாதவர்கள் காதாலேயே இதைப் பிடித்துவிடுவார்கள்; தெரிந்தவர்கள்தான் எண்ணி எண்ணிக் கெடுப்பார்கள். சீர் இடிக்கிறதா என்று பார்க்க ஒரே வழி, நின்று கைதட்டிச் சுற்றிப் பாடுவது. கால் தடுக்கும் இடத்தில் சொல் தப்பாக இருக்கிறது.

வழக்கமாகக் கெட்டுப்போவது கடைசி அடியில். மூன்று கண்ணி அழகாக வந்த பிறகு ‘ஒன்றுபட்டுப் போராடுவோம்’ என்று யாராவது முடிப்பார்கள். பாட்டு அங்கே மேடைப்பேச்சாகிவிடும். மேலே உள்ள கண்ணி கேள்வியாகவே நிற்கிறது. கைதட்டும் பெண்ணே பதில் யோசிக்கட்டும்.

முஷாயிராவிலிருந்து எடுத்துக்கொள்ள ஒரு பழக்கம் உண்டு. உருதுக் கவியரங்கத்தில் வரி பிடித்துவிட்டால் கேட்பவர் ‘முகர்ரர்’ என்பார், கவிஞர் மறுபடி சொல்வார். கதைக்கூட்டத்தில் இதை வைத்துப் பாருங்கள். விமர்சனம் கேட்டால் புது ஆட்கள் பயப்படுவார்கள், பாராட்டு கேட்டால் எல்லாரும் ‘நல்லா இருக்கு’ என்பார்கள். எந்த வரியை மறுபடி கேட்டார்கள் என்பதை மட்டும் குறித்துவைத்தால், எது நிற்கும், எதை வெட்டலாம் என்பது தெரிந்துவிடும்.

கட்டியங்காரனுக்கு வேலை கொடுங்கள்

தெருவுக்கு வரும்போது எல்லாரும் வீதி நாடக வடிவத்தைத் தேடிப் போகிறார்கள். செய்யாற்றுப் பக்கம் புரிசை கிராமம் வைத்திருக்கும் கூத்து மரபு நம் மண்ணிலேயே இருக்கிறது. கூத்தை அப்படியே நகல் எடுக்கச் சொல்லவில்லை. கிரீடமும் புஜக்கட்டையும் முகவீணையும் பல ஆண்டுப் பயிற்சி, அதை அரைகுறையாகச் செய்வது கூத்துக்காரர்களுக்கு அவமானம். எடுக்க வேண்டியது கட்டியங்காரனை. ராஜா திரைக்குப் பின்னால் நிற்க, நீ யார், எங்கிருந்து வருகிறாய் என்று கேட்டு அறிமுகம் செய்பவன் அவன். துரியோதனன் சபையிலேயே நின்றுகொண்டு இன்றைய அரிசி விலையைப் பேச அவனுக்கு உரிமை உண்டு. யாரும் கோபித்துக்கொள்வதில்லை, கோமாளிதானே!

பிரேசில் நாட்டு அகஸ்டோ போவால் 1970-களில் உருவாக்கிய மன்ற அரங்கத்திலும் இதே ஆள் இருக்கிறார், ‘ஜோக்கர்’ என்று பெயர். நாடகம் 15, 20 நிமிடம். அநியாயம் உச்சத்துக்குப் போகும் இடத்தில் முடிவே இல்லாமல் நின்றுவிடும். மறுபடி முதலிலிருந்து ஆடுவார்கள். இந்தமுறை பார்ப்பவர் யார் வேண்டுமானாலும் ‘நிறுத்து’ என்று உள்ளே வந்து, பாதிக்கப்பட்டவர் இடத்தில் நின்று வேறு மாதிரி செய்து பார்க்கலாம்.

நம் ஊரில் இதைச் செய்யும்போது முதலில் எழுந்து வருபவர் பெரும்பாலும் ஓர் ஆண். கெட்டவன் பாத்திரத்தை எடுத்து அவனை நல்லவனாக்கிவிடுவார்: ஒப்பந்தக்காரர் மனம் திருந்திப் பணத்தை எண்ணிக் கொடுத்துவிடுவார். கைதட்டல் விழும், எதுவும் மாறியிருக்காது. கட்டியங்காரன் அங்கே உள்ளே புகுந்து, ‘ஐயா, இந்த மாதிரி ஆளு எந்த ஊர்ல கீறாரு? சொல்லுங்க, நானும் அங்கயே குடி போய்டறேன்’ என்று சிரிக்க வைத்து அவரை உட்கார வைக்க வேண்டும். மாற்றக்கூடியது பாதிக்கப்பட்டவரும் அவருக்குப் பக்கத்தில் சும்மா நின்றவர்களும் மட்டுமே. சும்மா நின்றவர் பாத்திரம் ஒன்றாவது நாடகத்தில் இல்லை என்றால் ஊர்க்காரருக்கு உள்ளே வர வழியே கிடையாது. பெண்கள் எழுந்து வரத் தயங்கினால் இடத்தைவிட்டு வராமலே வசனம் சொல்லலாம் என்று வைத்துவிடுங்கள்.

இடம் சொன்னால், மூன்று பக்கம் ஆள் உட்காரும்படி தெரு முனை. மைக் வேண்டாம். வேண்டும் என்றால் காவல் நிலையத்தில் முன்கூட்டி அனுமதி வாங்கவும். இரவு பத்திலிருந்து காலை ஆறு வரை ஒலிபெருக்கிக்குத் தடை.

பாலாறு போன்ற பெரிய விஷயத்தை எடுத்தால் கதையின் எல்லையும் தெரிய வேண்டும். தோல் ஷாப்பு எனப்படும் தோல் பதனிடும் ஆலைகளின் கழிவால் கெட்ட ஆற்றுக்காக வேலூர் குடிமக்கள் நல மன்றம் உச்ச நீதிமன்றம் போனது. 1996-ல் வந்த தீர்ப்பு, மாசு செய்தவரே செலவை ஏற்க வேண்டும் என்ற கொள்கையை இந்தியச் சட்டத்தில் நிலைநிறுத்தியது. இந்த மாவட்டத்துத் தோல் ஷாப்புகள் உட்பட ஒவ்வொன்றுக்கும் 10,000 ரூபாய் அபராதம். அதைச் செய்தது ஆய்வறிக்கையும் மனுவும். நாடகம் அந்த வேலையைச் செய்யாது. ‘கெணத்துத் தண்ணியில பருப்பு வேகலை’ என்று ஒரு பெண் சொல்லும்போது எண்களுக்குள் இருந்த விஷயம் சமையல்கட்டுக்கு வரும், மனுவில் கையெழுத்துப் போட ஆள் வரும். அவ்வளவுதான், அது சின்ன விஷயம் இல்லை.

அதனால் ஆட்டம் முடிந்த இடத்தில் ஒரு மேசையும் ஒரு நோட்டும் இருக்க வேண்டும். கேட்பது ஒன்றே ஒன்றாக, யாரிடம் என்பது தெளிவாக இருக்கட்டும். கிராமம் என்றால் ஜனவரி 26, மார்ச் 22, மே 1, ஆகஸ்ட் 15, அக்டோபர் 2, நவம்பர் 1 ஆகிய நாட்களில் கிராம சபை. இந்தத் தேதிக்கு இரண்டு வாரம் முன்னால் நாடகத்தை வைத்தால் சூடு ஆறுவதற்குள் தீர்மானமாகக் கொண்டுபோகலாம். வாயால் சொன்னது போதாது. தீர்மானப் புத்தகத்தில் ஏறியதா என்று அங்கேயே பார்த்துவிடவும். கலெக்டர் அலுவலகத்தில் திங்கட்கிழமை குறைதீர் நாளில் மனு கொடுத்தால் ரசீதை விடாதீர்கள்.

முதல் காட்சி தெருவில் நடக்கக் கூடாது. கதை சொன்ன எட்டுப் பேருக்கும் முன்னால், கதவைச் சாத்திக்கொண்டு நடக்க வேண்டும். அவர்கள் வெட்டச் சொன்ன வரி, எவ்வளவு நல்ல வரியாக இருந்தாலும் போய்விட வேண்டும். பீடிக் கதையில் ஆபத்து நிஜமானது: யார் வீட்டுக் கதை என்று ஒப்பந்தக்காரருக்குத் தெரிந்தால் மறுநாள் அந்த வீட்டுக்கு இலை வராது. பெயரை மட்டும் மாற்றுவது போதாது, பிள்ளைகளின் எண்ணிக்கை, தெரு, தள்ளிய கட்டின் கணக்கு எல்லாவற்றையும் மாற்றுங்கள். இரண்டு மூன்று பேர் கதையை ஒருத்தியின் கதையாகக் கலந்துவிடுங்கள். ஆறு மாதம் கழித்துச் சம்மதத்தை மறுபடி கேட்டு, வேண்டாம் என்றவர் பதிவை அவர் கண்முன்னே அழித்துவிடுங்கள். பாட்டுக்கோ நாடகத்துக்கோ எங்காவது பணம் வந்தால் சொன்னவர்களுக்கு எவ்வளவு, ஆடியவர்களுக்கு எவ்வளவு என்பதை முதல் கூட்டத்திலேயே நோட்டில் எழுதி எல்லாரும் கையெழுத்தோ கைரேகையோ வைத்துக்கொள்ள வேண்டும்.